நெல்லிக்காய் தின்றவர் தண்ணீர் எடுக்கக் கூடாது

போன வாரம் நிவேதாவிடமிருந்து கைப்பேசிக்கு ஒரு படம் வந்தது. நான் முப்பது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டிய குடிநீர் ஆய்வகத்தில் இப்போது வேலை பார்க்கும் பெண் நிவேதா. செங்கல்பட்டில் இருக்கிற அந்தப் பழைய ஓட்டுக் கட்டடத்தைக் காலி செய்து, புதுக் கட்டடத்துக்குப் போகிறார்கள். சுவரில் தொங்கும் பழைய சட்டங்களைக் கழற்றும்போது ஒன்று அவள் கண்ணில் பட்டிருக்கிறது. தட்டச்சு இயந்திரத்தில் அடித்து, கண்ணாடி போட்டு மாட்டியது. அதில் இருப்பது இவ்வளவுதான்: "மாதிரி எடுக்கச் செல்லும் ஊழியர்கள், வேலை முடியும்வரை நெல்லிக்காய் தின்னக் கூடாது. தலைமை வேதியியலர்."

கீழே நிவேதாவின் கேள்வி. "மேடம், இது காமெடிக்கு வெச்சதா? நெல்லிக்காய் உடம்புக்கு நல்லதுன்னுதானே டெய்லி நாலு பேர் ஃபார்வர்டு பண்றாங்க? தூக்கிப் போட்டுரலாமா?"

நான் அப்போது சமையலறையில் ஒரு படி நெல்லிக்காயை வேகவைத்துக் கொட்டை நீக்கிக்கொண்டிருந்தேன். படத்தைப் பார்த்ததும் சிரிக்க ஆரம்பித்தேன். சிரிப்பு நிற்கவில்லை. என் வீட்டுக்காரர் ஓடி வந்து, புரை ஏறிவிட்டதென்று நினைத்து என் தலையில் தட்டினார். அவருக்கு அந்தப் படத்தைக் காட்டினேன். "இன்னுமா இது தொங்குது?" என்று அவரும் உட்கார்ந்து சிரித்தார். அந்த அறிவிப்பு ஊருக்கே பொதுவாக எழுதப்பட்டதுபோலத் தெரியும். உண்மையில் அது எழுதப்பட்டது ஒரே ஒரு ஆளுக்காக. அந்த ஆள் நான்.

அதனால் நிவேதாவுக்கு எழுதுகிறேன். அவளோடு வேலை பார்க்கும் மற்ற பிள்ளைகளும் படிக்கட்டும்.

என் பெயர் ஸ்டெல்லா. ஊர் அச்சரப்பாக்கம் பக்கம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டு, அறுத்து என்னைப் படிக்க வைத்தார்கள். பேருந்தில் தொங்கிக்கொண்டு போய் வேதியியல் படித்தேன். அது முடிந்து ரொம்ப நாள் வீட்டில் இருந்து, ஒருவழியாகத் தற்காலிக ஆய்வக உதவியாளராகச் சேர்ந்தேன். வேலை என்னவென்றால், ஊர் ஊராகப் போய்க் கிணறு, கைப்பம்பு, தொட்டி எல்லாவற்றிலும் கேனில் தண்ணீர் பிடித்து வர வேண்டும். சோதனைக்காக அப்படிப் பிடிக்கும் தண்ணீருக்குத்தான் மாதிரி என்று பெயர். பிறகு ஆய்வகத்தில் அதில் உப்பு எவ்வளவு, இரும்பு எவ்வளவு, கிருமி உண்டா என்று பார்க்க வேண்டும்.

எங்கள் தலைமை வேதியியலர் சங்கரலிங்கம் சார். திருநெல்வேலிக்காரர். ஒல்லியான உடம்பு, முழுக்கைச் சட்டை, சட்டைப் பையில் இரண்டு பேனா. ஒன்று நீலம், ஒன்று சிவப்பு. சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. அவருக்குக் கோபம் வந்தால் சிவப்புப் பேனாவின் மூடியைத் திறந்து மூடுவார். அந்த டக் டக் சத்தத்துக்கு நாங்கள் நடுங்கிய மாதிரி யாருடைய கூச்சலுக்கும் நடுங்கியதில்லை.

மாதிரி எடுப்பதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. கைப்பம்பு என்றால் முதலில் ஐந்து நிமிஷம் அடித்துக் கொட்ட வேண்டும். குழாயில் தேங்கிய பழைய தண்ணீர் போய்ப் புதுத் தண்ணீர் வரும். எந்தத் தண்ணீரைப் பிடிக்கிறோமோ அதே தண்ணீரால் கேனை மூன்று முறை அலச வேண்டும். இரண்டு முறை அலசிவிட்டு மூன்று என்று சொன்னால் எப்படியோ கண்டுபிடித்துவிடுவார். கேனின் மூடியைத் தரையில் வைக்கக் கூடாது, கையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். சீட்டை அந்த இடத்திலேயே எழுதி ஒட்ட வேண்டும். அதில் 'சுவை' என்று ஒரு கட்டம் இருக்கும். அதை மட்டும் காலியாக விட வேண்டும். கிருமிச் சோதனை முடிந்து, தண்ணீரில் ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் அதை நிரப்பலாம்.

"ஸ்டெல்லாம்மா, நாக்கு இருக்கே, அது நமக்கு வேண்டியதத்தான் சொல்லும். பார்த்துக்கிடுங்க" என்பார். வேலை நேரத்தில் டீ தவிர எதுவும் வாயில் போட மாட்டார்.

எனக்கோ அப்போது வாய் சும்மாவே இருக்காது. குறிப்பாக நெல்லிக்காய். எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஏரிக்கரையில் ஒரு பெருநெல்லி மரம் இருந்தது. கார்த்திகையில் ஆரம்பித்தால் மாசி வரைக்கும் எங்கள் வீட்டில் நெல்லிக்காய் ராஜ்யம்தான். அம்மா அதை உப்பு மஞ்சள் தண்ணீரில் ஊறப்போடுவாள். துருவித் தயிரில் போட்டுக் கடுகு தாளிப்பாள். வெயிலில் காயவைத்து நெல்லிமுள்ளியாக டப்பாவில் அடைப்பாள். அதை அரைத்துத் தலைக்கும் தேய்ப்பாள், வயிற்றுப் பொருமலுக்கு மோரிலும் கலக்குவாள். தேங்காய் எண்ணெயில் காய்ச்சி வடித்து ஒரு பாட்டில். சளி பிடித்தால் தேனில் ஊறியது ஒன்று. அக்கா மாசமாக இருந்தபோது, சுகாதார நர்சு கொடுத்த இரும்பு மாத்திரையோடு தினம் ஒரு நெல்லிக்காய் தின்னச் சொன்னார்கள். மாத்திரையிலிருக்கும் இரும்பு உடம்பில் ஒட்ட அந்தப் புளிப்பு உதவுமாம். அக்கா மாத்திரையைத் துப்பிவிட்டு நெல்லிக்காயை மட்டும் தின்றது தனிக் கதை.

எனக்கு அதில் மருந்தெல்லாம் முக்கியமில்லை. கடித்ததும் முகம் சுளிக்கும். பல் கூசும். உடனே ஒரு வாய் தண்ணீர் குடித்தால் தொண்டை வரைக்கும் இனிக்கும் பாருங்கள், அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் தினமும் பையில் நாலு காய் எடுத்துப்போவேன்.

ஒரு மழைநாளில் மாதிரி எதுவும் வரவில்லை. ஆய்வகத்தில் அயோடின் இருந்தது, கேன்டீனில் கஞ்சித் தண்ணீர் இருந்தது. இரண்டையும் கலந்தால் கருநீலம். அதில் வைட்டமின் சி விழுந்தால் அந்த நிறம் ஓடிவிடும். ஓர் எலுமிச்சை, ஒரு பச்சை நெல்லி, ஒரு வேகவைத்த நெல்லி, ஒரு நெல்லிமுள்ளி என்று நாலு குடுவை வைத்து நான் பாட்டுக்குச் சொட்டுவிட்டேன். எலுமிச்சைச் சாறு சொட்டுச் சொட்டாக மன்றாடியது. பச்சை நெல்லிச் சாறு விழுந்ததும் நீலம் இருந்த இடம் தெரியவில்லை. நான் கைதட்டிக் குதித்தேன். வேகவைத்தது கொஞ்சம் பின்தங்கியது. காய்ந்த முள்ளி அதற்கும் பின்னால், ஆனாலும் அது தோற்றுப்போகவில்லை. திரும்பிப் பார்த்தால் சங்கரலிங்கம் சார் நிற்கிறார்.

என் தாளை வாங்கிப் படித்தார். "நல்லா பண்ணியிருக்கீங்க. ஆனா காயை எங்க பறிச்சீங்க, என்னைக்குப் பறிச்சீங்கன்னு எழுதலியே" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். சிவப்புப் பேனா மூடி திறக்கவில்லை. அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

புதுப்பட்டினத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவர் குப்பம். அங்கே ஒரு கைப்பம்பு உண்டு. மீன் கூடை கழுவத்தான் அது லாயக்கு, அவ்வளவு உப்பு. குடிக்க ஒருநாள் விட்டு ஒருநாள் லாரித் தண்ணீர். லாரி குப்பத்துக்குள் வராது, மணலில் சக்கரம் புதையும். ரோட்டிலேயே நிற்கும். பெண்கள் குடத்தோடு போய்த் தூக்கி வர வேண்டும்.

அந்தக் குப்பத்தில் தேசம்மா என்று ஒரு மீன்காரம்மா. கல்பாக்கம் குவார்ட்டர்ஸ் முழுக்க அவர் கூடைக்கு வாடிக்கை. அவர் பெண் கஸ்தூரி தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். மாதம் நெருங்கிவிட்டது. அந்தம்மா மகளிர் குழுப் பெண்களைக் கூட்டி, சீட்டுப் பணம் போட்டு, தன் வீட்டுக்குப் பின்னாலேயே ஒரு கிணறு வெட்டினார். அவசரமாக, ஆழமாக, நாலு ஆள் உயரத்துக்கு.

"கஸ்தூரிய பெத்த ஏழாம் நாளு, இடுப்புல துணிய கட்டிகினு ரோட்டாண்ட போய் கொடம் தூக்கினேம்மா நானு. எனக்கு அன்னிக்கு வந்த இடுப்பு வலி இன்னும் போவல. எம் பொண்ணு தூக்கக் கூடாது. அதுக்குத்தான் இந்தக் கெணறு" என்று என்னிடம் சொன்னார்.

மாதிரி எடுக்க நான் போனேன். நான் வருகிறேன் என்று தெரிந்து அவர்கள் அன்றைக்கே கிணற்றுக்குப் படையலும் வைத்துவிட்டார்கள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. புதுக் கிணற்றில் நெல்லிக்கட்டையை இறக்குவார்கள், தண்ணீர் தெளியும், இனிக்கும் என்று. திருக்கழுக்குன்றம் பக்கமிருந்து தேசம்மாவின் தம்பி ஒரு நெல்லிக்கட்டையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்திருந்தார். அதற்கு மஞ்சள் பூசி, கற்பூரம் காட்டி, கயிறு கட்டி இறக்கினார்கள். பிறகு வந்திருக்கும் எல்லோருக்கும் ஆளுக்கொரு நெல்லிக்காய். கடித்துத் தின்றுவிட்டு முதல் வாளித் தண்ணீரை ஆளுக்கொரு வாய் குடிக்க வேண்டும். அதுதான் கிணற்றுக்கு மரியாதை.

நெல்லிக்காய் என்றதும் எனக்குச் சங்கரலிங்கம் சாரும் மறந்துவிட்டார், அவர் சொன்ன முறையும் மறந்துவிட்டது. ஒன்றுக்கு இரண்டாகத் தின்றேன். தேசம்மா சொம்பை நீட்டினார். குடித்தேன். ஐயோ, அந்த இனிப்பு. தொண்டை வழியாக நெஞ்சுக்கு இறங்கியது.

"எப்டி கீது?" என்று கேட்டார் தேசம்மா. சுற்றிலும் ஐம்பது அறுபது பேர் என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். என் வாழ்க்கையில் அத்தனை பேர் என் பேச்சுக்காகக் காத்திருந்தது அதுதான் முதல் தடவை.

"தேன் மாதிரி இருக்கும்மா" என்றேன்.

குலவைச் சத்தம் கடற்கரை வரைக்கும் கேட்டிருக்கும். யாரோ பறையை எடுத்துவிட்டார்கள். என் கழுத்தில் ஒரு சாமந்தி மாலை விழுந்தது. அந்த வேகத்தில் கேனை மூன்று முறை அலசினேன், மூடியைக் கையிலேயே வைத்திருந்தேன், சீட்டைச் சரியாக எழுதினேன். 'சுவை' என்ற கட்டத்தைப் பார்த்தேன். பெரிய எழுத்தில் 'இனிப்பு' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். மாலையோடுதான் பேருந்து ஏறினேன். கண்டக்டர் கல்யாணமா என்று கேட்டார்.

மறுநாள் காலை, உப்புச் சோதனை. தண்ணீரைக் குடுவையில் எடுத்து ஒரு மஞ்சள் கரைசலைச் சில சொட்டு விடுவோம். மேலே நீளக் கண்ணாடிக் குழாய், ப்யூரெட் என்போம், அதிலிருந்து சில்வர் நைட்ரேட் சொட்டும். ஒவ்வொரு சொட்டும் தண்ணீரில் இருக்கும் உப்போடு சேர்ந்து வெள்ளையாகத் திரியும். உப்பெல்லாம் தீர்ந்த பிறகு விழும் சொட்டில் மஞ்சள் மாறிச் செங்கல் நிறம் வரும். உப்புக் குறைவென்றால் நிறம் சீக்கிரம் வந்துவிடும்.

சொட்டு விழுந்தது. விழுந்தது. நான் குடுவையைச் சுழற்றிக்கொண்டே இருந்தேன். குழாய் பாதி காலியானது. நிறம் வரவில்லை. முக்கால் காலியானது. மறுபடியும் முதலிலிருந்து செய்தேன். மூன்றாம் தடவை செய்யும்போது சார் என் பின்னால் வந்து நின்றார். சீட்டைக் கையில் எடுத்தார். 'இனிப்பு' என்பதை ரொம்ப நேரம் படித்தார். டக். டக்.

"என்ன தின்னீங்க?" என்றார்.

"நெல்லிக்காய் சார்."

"எத்தனை?"

"ரெண்டு."

அவர் முகத்தில் ஏதோ ஒரு அசைவு. சிரிப்பை அடக்குகிறாரா, கோபத்தை அடக்குகிறாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் அழிக்கும் ரப்பரைத் தேடினேன். "அழிக்கக் கூடாது. ஒரு கோடு போட்டு அடிச்சு, பக்கத்துல கையெழுத்துப் போடுங்க. பிறகு இன்னைக்கே நேர்ல போய் அந்தம்மாகிட்ட சொல்லிட்டு வாங்க" என்றார்.

போனேன். வழியெல்லாம் அழுதேன். தற்காலிக வேலை போய்விடும் என்பது பாதி அழுகை. குப்பத்தில் இறங்கியதும் மீதிப் பாதியும் வந்துவிட்டது. ஏனென்றால் அன்று காலை வந்த லாரியை அவர்கள் திருப்பி அனுப்பியிருந்தார்கள். "லேபு மேடமே தேன்னு சொல்லிச்சுப்பா, நீ வேற ஊருக்குப் போ" என்று தேசம்மாவின் தம்பி டிரைவருக்கு ஒரு நெல்லிக்காயும் கொடுத்து வழியனுப்பியிருக்கிறார். இனி வரத் தேவையில்லை என்று டிரைவர் எழுதியும் வாங்கிக்கொண்டுவிட்டாராம்.

தேசம்மாவிடம் சொன்னேன். "தப்பு என் மேலதாம்மா. அந்தத் தண்ணி உப்பு. நெல்லிக்காய் தின்னதால இனிச்சுது."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னாம்மா பேஜாரு பண்றே? நேத்து இனிச்சுது, இன்னிக்கு உப்பா? நானுந்தானே குடிச்சேன். அம்பது பேர் குடிச்சோம். அல்லாரு நாக்கும் பொய்யி, உன் கண்ணாடி டம்ளர் மட்டும் நெஜமா?"

உள்ளேயிருந்து கஸ்தூரி கத்தினாள். "யம்மா, பருப்பு ரெண்டு மணி நேரமா வேவல. கல்லு மாதிரி கீது."

"கடைக்காரன் பழைய பருப்ப குட்த்துட்டான்" என்றார் தேசம்மா, கண்ணை என்மேலிருந்து எடுக்காமலே.

அடுத்த நாள் சங்கரலிங்கம் சார் என்னோடு கிளம்பினார். ஆய்வகத்தை விட்டு அவர் வெளியே வந்து யாரும் பார்த்ததில்லை. ஜீப்பில் கேனை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். குப்பத்தில் இறங்கியதும் யாரையும் திட்டவில்லை, யாருக்கும் பாடமும் நடத்தவில்லை. மூன்று குடம் தண்ணீர் கொண்டுவந்து காய்ச்சி ஆறவைக்கச் சொன்னார். ஒன்று, முந்தின லாரியில் வந்து அடிக்குடத்தில் மிஞ்சியிருந்தது. இரண்டு, புதுக் கிணறு. மூன்று, மீன் கூடை கழுவும் கைப்பம்பு. எந்தக் குடத்தில் எது என்று அவருக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.

"எல்லாரும் நெல்லிக்காய் தின்னுங்க. ஒவ்வொரு தண்ணிக்கும் ஒரு காய். எது லாரித் தண்ணின்னு நீங்களே சொல்லுங்க" என்றார்.

அப்புறம் நடந்ததை எப்படி எழுதுவது? கடித்தார்கள், முகம் சுளித்தார்கள், குடித்தார்கள், சப்புக் கொட்டினார்கள். ஒருவருக்கொருவர் சண்டை போட்டுக்கொண்டார்கள். நெல்லிக்காய் தீர்ந்துபோய், ஒருவர் சைக்கிளில் புதுப்பட்டினம் சந்தைக்குப் பறந்தார். கடைசியில் தேசம்மா இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். "மூணாவதுதான் லாரித் தண்ணி. சந்தேகமே இல்ல. சக்கரையா கீது."

"அது உங்க கூடை கழுவுற பம்புத் தண்ணிம்மா" என்றார் சார்.

பிறகு தேசம்மாவின் தம்பிதான் முதலில் சிரித்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டார். அவரைப் பார்த்து மற்றவர்கள். கஸ்தூரி நிறை வயிற்றைத் தாங்கிக்கொண்டு, "சிரிக்க வெக்காதீங்க, சிரிக்க வெக்காதீங்க" என்று சுவரைப் பிடித்துக்கொண்டாள். தேசம்மா கொஞ்ச நேரம் விறைப்பாக நின்றார். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. நானும் சிரித்தேன். எவ்வளவு அழுதேனோ அவ்வளவு சிரித்தேன்.

சிரித்து முடித்த பிறகு அந்தம்மாவின் கண்ணில் தண்ணீர் நிற்பதைப் பார்த்தேன். "அப்போ எம் பொண்ணு கொடம் தூக்கத்தான் வோணுமா சார்?" என்று கேட்டார்.

சார் குப்பத்துக்கு மேற்கே இருந்த சவுக்குத் தோப்பு மேட்டுக்கு நடந்தார். காலால் மணலைத் தள்ளிப் பார்த்தார். "கடலோரத்துல இறங்க இறங்க உப்புதான். நீங்க ஆழமா போனதுதான் தப்பு. மழைத் தண்ணி லேசு, அது மணல் மேட்டுக்குள்ள மேலாக்க நிக்கும். இங்க ரெண்டாள் உயரத்துக்கு மேல தோண்டாதீங்க. சிமெண்டு உறை நாலு இறக்குங்க. ஒரேயடியா இறைச்சுக் காலி பண்ணாம, கொஞ்சம் கொஞ்சமா எடுங்க. எடுத்துட்டு எனக்கு ஒரு கேன் அனுப்புங்க."

"நெல்லிக்கட்ட?" என்று தேசம்மாவின் தம்பி கேட்டார்.

"கலங்கல் தெளியும்னு பெரியவங்க சொல்லுதாங்க. போடுங்க, கெடுதல் இல்ல. உப்பை மட்டும் அது எடுக்காது."

அன்று மாலையே சார் தன் கையால் கடிதம் எழுதி லாரியைத் திரும்ப வரவைத்தார். கடிதத்தில் என் பெயர் இல்லை. 'ஆய்வகத்தின் பிழையால்' என்று எழுதியிருந்தார்.

இரண்டு வாரத்தில் உறைக்கிணறு தயார். முன்கூட்டியே ஒரு மாதிரியை எடுத்துப்போய்க் கிருமிச் சோதனை செய்து, ஒன்றும் இல்லை என்று முடிவும் வந்துவிட்டது. மிச்சம் உப்புச் சோதனை. அதை அங்கேயே, அவர்கள் கண்ணெதிரிலேயே செய்யச் சொல்லி சார் என்னை அழைத்துப்போனார். கவிழ்த்துப் போட்ட ஒரு படகின் மேல் ஸ்டாண்டை நிறுத்தினேன். காலையிலிருந்து நான் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. குப்பத்தில் ஒருவர் வாயிலும் நெல்லிக்காய் இல்லை. தேசம்மா வீடு வீடாகப் போய்ப் பார்த்திருந்தார்.

முதலில் பழைய கிணற்றுத் தண்ணீர். சொட்டு விழ விழ, தேசம்மா எண்ணினார். எண்ணி எண்ணி அலுத்துப்போய், "அட போதும், நிறுத்து. அசிங்கமா கீது" என்றார். பிறகு புதுக் கிணறு. மஞ்சள் குடுவையை நான் சுழற்ற ஆரம்பித்தேன். கூட்டம் படகைச் சுற்றி நெருக்கியது. கபடிக்குக்கூட அவ்வளவு அமைதியாக யாரும் நிற்க மாட்டார்கள். ஒரு சொட்டு. இரண்டு. சொட்டு விழும் இடத்தில் சிவப்பு ஒரு கணம் தலைகாட்டி மறைந்தது. இன்னும் கொஞ்சம். சட்டென்று குடுவை முழுக்கச் செங்கல் நிறம். குழாயில் பெரும்பகுதி அப்படியே நின்றது.

"இவ்ளோதானா?" என்றார் தேசம்மா.

"இவ்ளோதாம்மா" என்றேன்.

யாரும் குலவை போடவில்லை. போன தடவை சூடு கண்டவர்கள் ஆயிற்றே. எல்லோரும் சாரைப் பார்த்தார்கள். சார் சீட்டை என்னிடம் நீட்டினார். "சுவை கட்டம் காலியா இருக்கு. இப்ப நிரப்பலாம். குடிச்சுப் பார்த்து எழுதுங்க."

தேசம்மா சொம்பில் கொடுத்தார். நிதானமாகக் குடித்தேன். இனிக்கவில்லை. கரிக்கவில்லை. நாக்கில் ஒன்றுமே இல்லை. எழுதினேன். எழுதியதைப் படிக்கச் சொன்னார் தேசம்மா. "ருசி ஏதும் இல்லை" என்று படித்தேன்.

அவருக்குச் சுருக்கென்றது. "இன்னாம்மா இது? நல்லாத்தானே கீது. போன தபா உப்புத் தண்ணிக்கு இனிப்புன்னு எழுதிகினே. இப்போ நல்ல தண்ணிக்குப் போய் ருசி இல்லன்னு எழுதுறியே?"

"அதுதாம்மா நல்ல தண்ணி. அதுக்கு ருசியே இருக்காது" என்றார் சார்.

தேசம்மா அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ரோட்டுப் பக்கம் லாரி நிற்கும் இடத்தைப் பார்த்தார். பிறகு சொம்பை வாங்கி, ஒரு வாய் குடித்து, கண்ணை மூடி வாயிலேயே வைத்திருந்து விழுங்கினார். "ஆமா, ஒண்ணுமே இல்ல" என்றார். முகமெல்லாம் சிரிப்பு. "எழுது, எழுது. பெரிசா எழுது. ஒண்ணுமே இல்லன்னு எழுது." குலவை அப்போதுதான் எழுந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க ப்யூரெட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன், தேவையில்லாமல் ஐந்தாறு தடவை.

கஸ்தூரிக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஏழாம் நாள் மத்தியானம் மூன்று மணிக்கு, மீன் கூடையோடு தேசம்மா எங்கள் ஆய்வகத்துக்குள் நுழைந்தார். கூடையில் மீன் இல்லை, முழுக்க நெல்லிக்காய். "இன்னிக்கு ஏழாம் நாளு சார். எம் பொண்ணு வூட்ல படுத்துகினு கீறா. தண்ணி நாந்தான் எடுத்தேன், தோப்பாண்டேந்து. நடந்தா நூறு அடிகூட இல்ல" என்றார். பிறகு ஒரு காயை எடுத்து சாரிடம் நீட்டினார். நாங்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். சார் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். வேலை நேரம்தான், இருந்தாலும் காயை வாங்கிக் கடித்தார். அவருக்கு முகம் கோணிய கோணலை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். தண்ணீர் குடித்தார். "ஆமா, இனிக்கத்தான் செய்யுது" என்றார். அதற்கப்புறம் தட்டச்சு இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து, அந்த அறிவிப்பை அடித்து, என்னையே ஆணி அடித்து மாட்டச் சொன்னார்.

என் வேலை போகவில்லை. அடுத்த வருஷம் நிரந்தரமாயிற்று. அதற்காக சார் எழுதிய பரிந்துரையில் ஒரு வரி: 'தன் பிழையைத் தானே நேரில் சென்று சொன்னவர்.' சார் இப்போது இல்லை. அவரிடம் நன்றி என்று ஒரு வார்த்தை நான் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு என்று கேட்டிருப்பார்.

நிவேதா, இப்போது உங்களிடம் பேனா மாதிரி ஒரு கருவி இருக்கிறது. தண்ணீரில் முக்கினால் எண்ணைக் காட்டிவிடும். அதற்கு நெல்லிக்காய் தின்னத் தெரியாது, அதனால் பயமில்லை. ஆனால் 'சுவை' கட்டம் இன்னும் படிவத்தில் இருக்கிறது, அதை நிரப்புவது நீதான். அதனால் அந்தச் சட்டத்தைத் தூக்கிப் போடாதே. புதுக் கட்டடத்தில், கேன் அடுக்கும் இடத்துக்கு நேராக மாட்டு. நெல்லிக்காயை மட்டும் விடாதே. தினம் ஒன்று தின்னு. சாயங்காலம், கேனெல்லாம் சீட்டு ஒட்டி உள்ளே வைத்த பிறகு.

இதை எழுதி முடித்துவிட்டு, ஊறவைத்ததில் ஒரு காயை எடுத்துக் கடித்தேன். மேலே ஒரு டம்ளர் குழாய்த் தண்ணீர். எங்கள் தெருக் குழாயில் வருவது நல்ல தண்ணீரா என்று எனக்கு நன்றாகத் தெரியும், அதைச் சொல்லி யாருக்கும் சங்கடம் கொடுக்க விரும்பவில்லை. எப்படி இருக்கிறது என்று வீட்டுக்காரர் கேட்டார். தேன் மாதிரி இருக்கிறது என்றேன். ஓய்வு பெற்றாகிவிட்டது, இனி நான் கையெழுத்துப் போட வேண்டியதில்லை.